குடை பிடித்த கொக்கு

எங்கள் கழனியில் நின்ற ஒரு கொக்கைப் பற்றிச் சபையில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். என் தாய்மாமா கடைசி வரையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பரிசு வாங்கிய என் பெருமையில் அவரும் பங்கு கொள்கிறார் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சி நடந்த காலம். அரியூரிலிருந்து வில்லியனூர் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு மாட்டுவண்டியில் போய்வருவேன். பெரிய வகுப்பில் நாங்கள் ஏழே பேர். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் புதுச்சேரியிலிருந்து காலை ரயிலில் வருவார். தமிழ்ப் பெண்மணிதான், ஆனால் மதாம் என்றுதான் கூப்பிட வேண்டும். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் மூன்று கேள்வி கேட்கச் சொல்வார். யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எதை நேராகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாடத்தில் அவர் கற்ற முறையைத் தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார். மனப்பாடம் செய்தே பழகிய நாங்கள் அந்த மூன்றாவது கேள்விக்குப் புத்தகத்தைத்தான் புரட்டுவோம்.

எனக்குப் பதின்மூன்று வயது முடிந்திருந்தது. படித்தது போதும் என்று அப்பா அடிக்கடி சொல்லத் தொடங்கியிருந்தார். அம்மா கெஞ்சிக் கெஞ்சி ஒரு தவணை வாங்கினாள். பரிசளிப்பு விழாவுக்குத் தாமே வருவதாகவும், இந்தப் படிப்பால் பெண் என்னதான் தெரிந்துகொண்டாள் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் அப்பா ஒப்புக்கொண்டார். ஆக, அந்த ஒரு சாயங்காலத்தில்தான் என் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முன்பு மதாம் எங்களை ஆளுக்கொரு பாட்டு கொண்டுவரச் சொன்னார். புத்தகத்துப் பாட்டு கூடாது; காதால் கேட்டதாக இருக்க வேண்டும். மற்றவர்கள் தாலாட்டும் கும்மியுமாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் கழனியில் அப்போது சொர்ணவாரிப் பட்டத்து நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுப் பெண்களுக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் பச்சையம்மா பாடியதை நான் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

கொடபுடிச்ச வெள்ளக் கொக்கு வரப்பு மேல நிக்குதடி
சேத்து மீன எண்ணி எண்ணி கழுத்து நீண்டு போச்சுதடி
புங்கமரத் தூளியில பச்சப்புள்ள கத்துதடி
கொக்குக்குக் காது ரெண்டும் எங்க போயி மேயுதடி

மதாம் அதை இரண்டு முறை படித்தார். யார் வீட்டுக் கழனியில் பாடியது என்று கேட்டார். எங்கள் கழனியில்தான் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். விழாவுக்கு அப்பா வருவாரா என்று கேட்டார். வருவார், முதல் வரிசையில் உட்காருவார் என்றேன். அப்படியென்றால் விழாவில் இந்தப் பாட்டை நான்தான் விளக்க வேண்டும் என்றார். "கொக்கு யாருன்னு நான் சொல்லமாட்டேன். நீயா யோசிச்சுக் கண்டுபிடி" என்றும் சொன்னார்.

நான் மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். பெண்கள் பேசுகிறார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்; அதுவரை சுலபம். கொக்கு எப்படிக் குடை பிடிக்கும்? நான்காம் நாள் பளிச்சென்று விளங்கியது. கொக்கு என்பது வெயில். வெள்ளையாக இருக்கிறது, நாள் முழுக்க நிற்கிறது, யார் அழுதாலும் அதற்குக் கேட்காது. குடை என்பது வானம். எழுதிக் காட்டினேன். மதாம் எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

விழாவுக்குக் கொம்யூன் மேர், எங்கள் வட்டாரத்து நிர்வாகத் தலைவர், தலைமை தாங்கினார். அப்பா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக முதல் வரிசையில், வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமா. பின்னால் அம்மாவும் எங்கள் ஊர்க்காரர்களும்.

நான் பாட்டைப் பாடிவிட்டு விளக்கத் தொடங்கினேன். இந்தக் கொக்கு காலையிலிருந்து பொழுது சாயும் வரை வரப்பிலேயே நிற்கிறது, அதற்கு வேறு வேலை கிடையாது என்றேன். பின் வரிசையில் யாரோ இருமினார்கள். சேற்று மீன் என்றால் குனிந்து நடும் பெண்கள், கொக்கு அவர்கள் தலையை எண்ணிக்கொண்டே இருக்கிறது என்றேன். மாமா துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிள்ளை தூளியில் பாலுக்குக் கத்துகிறது, தாயால் கரையேற முடியவில்லை, கொக்குக்கோ ஈவிரக்கம் இல்லை என்று நான் குரலை உயர்த்தியபோது சபையே சிரித்தது. அப்பா குடையை மெல்ல எடுத்து நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மேருக்கு முன்னால் மரியாதைக்காக அப்படிச் செய்கிறார் என்று நினைத்தேன். கொக்கு என்பது வெயிலே என்று நான் முடித்ததும் எழுந்த கைதட்டல் மாதிரி அந்தப் பள்ளிக்கூடம் அதற்கு முன் கேட்டிருக்காது. மேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பரிசு கொடுத்தார். மதாம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடவில் பாட்டாக வருவதைக் கழனிக்காரர் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் கேட்டும் கேளாதவராக நிற்பார். பாடும் பெண்களும் கொக்கைப் பாடியதாகவே இருப்பார்கள். எடுத்த பாத்தி முடியும் வரை பிள்ளைக்காரிகூடக் கரையேறக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதைத் தட்டிக்கேட்க அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். பாட்டுக்கு யாரும் அர்த்தம் சொல்லாத வரையில் எல்லாம் சரியாக நடந்தது. நான்தான் சபையில் வரிவரியாக அர்த்தம் சொன்னேன்.

திரும்பும் வழியில் வண்டியில் நான் பரிசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊர் நெருங்கும்போதுதான் அப்பா வாய் திறந்தார்.

"கொக்குன்னா வெயிலுன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலப்பா. நானே கண்டுபுடிச்சேன்."

அப்பா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். வேடிக்கை பண்ணுகிறேனா என்று தேடியிருப்பார் போலும். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"நீ இன்னும் நல்லாப் படிக்கணும்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இன்னும் நான்கு வருஷம் படிப்பு கிடைத்தது. நான் பின்னால் வாத்தியார் வேலைக்குப் போனதும் அதனால்தான். நினைத்துப் பார்த்தால் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர், என்னிடமோ பச்சையம்மாவிடமோ ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

மறுநாள் புங்கமரத்தை ஒட்டிக் கீற்றுப் பந்தல் போட ஆள் வந்தது. பிள்ளை அழுதால் தாய் கரையேறிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா குடையை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தலையில் துண்டோடு கழனிக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து நான் கழனிப் பக்கம் போனபோது பாட்டு மாறியிருந்தது.

கொடயில்லாத வெள்ளக் கொக்கு கீத்துப் பந்தல் போட்டுதடி
கொக்குக்குக் காது ரெண்டும் கூடு வந்து சேந்துதடி

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. பரிசு வாங்கிய பாட்டை இப்படியா கெடுப்பது? வெயில் எங்கேயாவது பந்தல் போடுமா? நோட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நின்று, தப்பாகப் பாடுகிறாய் என்று பச்சையம்மாவிடம் சொன்னேன். அவள் நாற்றுக்கட்டோடு நிமிர்ந்து, முதலில் எதிர் வரப்பில் நின்ற அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் இன்னா பண்ணட்டும் பாப்பா? கொக்கு மாறிப்போச்சே."

அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தார். நான் புது வரிகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய் மதாமிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அந்த வரிகளுக்குக் கீழே நான் எழுதியிருந்த குறிப்பையும் அவர் திருத்தவில்லை. அது இன்னும் அப்படியே இருக்கிறது: 'பாடியவரின் மறதியால் நேர்ந்த பிழை.'