பதினொன்றில் நான்கு சுற்று

கோதண்டம் என் கைவேலையால் செத்தான். அது என் முதல் குற்றம். அந்தச் சாவுக்குத் தானே காரணம் என்று அவன் மனைவியை நம்பவைத்தேன். அது இரண்டாவது. இரண்டில் எது பெரிது என்று இத்தனை வருடங்களாகக் கணக்குப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் இரண்டாவதுதான் பெரிதாக வருகிறது.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் போகும் வழியில் என் பட்டறை இருந்தது. மோட்டார் சைக்கிள் மட்டும்தான் பார்ப்பேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறி, முறையாகத் தொழில் பயின்றவன். எந்தச் சக்கரத்தில் எத்தனை கம்பி, எந்த போல்ட் எத்தனை சுற்றில் இறுகும்... எல்லாம் என் நோட்டில் இருக்கும். உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்காத காலம் அது. ஒரு மாடலின் உறுப்பை வேறொரு மாடலில் உட்காரவைப்பவன் என்று எனக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

கோதண்டம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். விடியலில் இரண்டு கூடை மீனை வண்டியில் கட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு வருவான். வண்டியைக் கடற்கரையிலேயே நிறுத்துவான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களில் இடப்பக்கத்துக் குழாயை உப்புக்காற்று தின்றுவிட்டது.

மெட்ராஸிலிருந்து புதுக்குழாய் வரப் பன்னிரண்டு நாளாகும் என்றேன்.

“பன்னெண்டு நாளா? இன்னா வாத்தியாரே, மீனு இன்னா ஊறுகாயா, பன்னெண்டு நாள் வெச்சிகினு குந்தினு இருக்க? பஸ்ல கூடைய ஏத்தவுட மாட்டேங்கறான் கண்டக்டரு. நாறுதாம். அவன் வூட்டுக்கு மட்டும் வஞ்சிரம் கேக்கறான்.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“மார்க்கெட்ல எங் எடத்துல வேற ஆளு குந்திடுவான். எதுனா பண்ணு. உன்னால ஆவாததா?”

அந்தக் கேள்விக்கு ‘ஆகாது’ என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். மூலையில் வேறொரு மாடல் வண்டி அடிபட்டுக் கிடந்தது. அதன் குழாயைக் கழற்றினேன்.

மயிரிழை மெலிவாக இருந்தது. கீழ்ப் பிடிக்குள் ஆடியது. பவுடர் டப்பாவின் தகரத்தை வெட்டிச் சுற்றினேன். ஆட்டம் நின்றது. மேலே குழாயைப் பிடித்து நிறுத்தும் போல்ட், திருகுமரையில் பதினொரு சுற்று இறங்க வேண்டும். இரண்டு மாடல்களிலும் மரையின் நெருக்கம் வேறு. நான்கு சுற்றில் சிக்கி நின்றுவிட்டது. போல்ட்டின் தலைக்கும் தட்டுக்கும் நடுவே தெரிந்த இடைவெளியை மூன்று வாஷர் வைத்து மறைத்தேன். நான்கு என்று எண்ணினேன். எண்ணியது எனக்குத் தெரியும்... தெரியாமல் செய்தேன் என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாது.

“ரைட்டா வாத்தியாரே?”

“ரைட்” என்றேன்.

ஒன்பதாம் நாளே மெட்ராஸிலிருந்து சரியான குழாய் வந்துவிட்டது. அலமாரியில் வைத்தேன். அதன்பின் கோதண்டம் இரண்டு முறை பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திப் பேசிவிட்டுப் போனான். ‘இறங்கு, மாற்றித் தருகிறேன்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், முதலில் போட்டது தவறு என்றாகிவிடும் அல்லவா?

இருபத்து மூன்றாம் நாள், திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி ஏறி இறங்கியபோது குழாய் பிடியிலிருந்து உருவிக்கொண்டது. மதகுக் கல்லில் தலை மோதி அங்கேயே உயிர் போயிற்று. வயது முப்பத்தொன்று.

வண்டியை அவன் உறவினர்கள் மாட்டுவண்டியில் ஏற்றி என்னிடமே கொண்டுவந்து போட்டார்கள். தகரம் கிழிந்து தொங்கியது. மரை வழிந்து மழுங்கிப்போயிருந்தது. அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் குழாய், தகரம், மூன்று வாஷர் எல்லாவற்றையும் எடுத்து ஒளித்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அவன் மனைவி பச்சையம்மாள் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணாத்த, எப்பவும் ரெண்டு கூடதான். அன்னிக்கு நாந்தான் மூணாவதா ஒண்ணு ஏத்தினேன். நெத்திலி. வாணாம்மேன்னாரு. நான் கேக்கல. அதுனாலதான் வண்டி ஒட்ஞ்சிச்சா?”

‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். என் நெஞ்சுக்குள் அது இருந்தது. நான் சொன்னது வேறு.

“பாரம் அதிகமானால் ஃபோர்க் தாங்காதும்மா.”

பொதுவாகப் பார்த்தால் அது உண்மையான வாக்கியம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

பத்து மாதம் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியாமல், சொல்லிவிடுவது என்றே குப்பத்துக்குப் போனேன். பச்சையம்மாள் மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

“எல்லாரும் விதி விதின்னு என்ன ஏமாத்தினாங்க. நீ ஒருத்தன்தான் அண்ணாத்த மூஞ்சிக்கு நேரா உண்மைய சொன்ன. அன்னிலேந்து எங் கூடைய யாரு வண்டிலயும் வெக்கறதில்ல. தலைல தூக்கிகினு நடந்தே பூடுவேன், கழுக்குன்றம் வரிக்கும். எவ்ளோ தூரமானா இன்னா?”

எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். போக எட்டரை மைல். தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நான் போனதால் அவளுக்கு என்ன கிடைத்தது? தான் நம்பியது சரிதான் என்ற உறுதி ஒன்றுதான்.

அதன்பின் அந்தச் சாலையில் அவளைப் பலமுறை பார்த்தேன். தலையில் கூடை, கழுத்து விறைத்து, தார் ஓரமாக நடந்துபோவாள். ஒருமுறை அவளருகே வண்டியை நிறுத்தினேன். புன்னகைத்து, வேண்டாம் என்று கையை அசைத்தாள். முப்பத்தேழு தடவை வரை எண்ணினேன். அப்புறம் நான் அந்தச் சாலையையே விட்டுவிட்டேன்.

அவள் இப்போது உயிரோடு இருக்கிறாளா என்று யாரிடமும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால், எனக்கு நிம்மதி வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.