ராய்ஸின் கையெழுத்து

தெல்மா லாபாயின்ட் எங்கள் ஊரின் பொருளாளர் பதவிக்கு நின்றது 1989ஆம் வருஷம் மார்ச் மாதம். அந்தப் பதவிமேல் அவளுக்கு ஆசை ஒன்றும் இல்லை. அதோடு சேர்ந்து வந்த மருத்துவக் காப்பீடுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அது கைவிட்டுப் போனால் அவளுக்கும் வைத்தியம் இல்லை, அவள் கணவர் ராய்ஸுக்கும் இல்லை.

நான் அப்போது ஹாஸ்கெல் ஊரின் எழுத்தர். பிறப்பு, இறப்பு, நிலப் பத்திரம், நாய் வளர்ப்பவர்களுக்கு உரிமச்சீட்டு, எல்லாம் என் மேசையில். எதிர் மேசை ராய்ஸுடையது. எண்ணூறு பேர் வசிக்கிற ஊருக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் பொருளாளர். வரி வாங்குவது, சாலை வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, பள்ளிக்கூடத்துக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அவர் கையெழுத்தில் நடந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும், பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஊர்க்கூட்டத்தில் யாராவது அவர் பெயரைச் சொல்வார்கள். எதிர்த்து நிற்க ஆள் இருக்காது.

1986இல், வரி கட்டும் பருவத்தில், ஒரு மத்தியானம் அவர் தலை நிமிர்ந்து என்னைக் கேட்டார்: "ஐலீன், ஏழும் எட்டும் எவ்ளோ?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பதினஞ்சு. இதுக்குத்தான் ஊர் உனக்குச் சம்பளம் குடுக்குதா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேரேட்டில் எழுதிக்கொண்டார். சற்று நேரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து தெல்மா வர ஆரம்பித்தாள். காலையிலும் மாலையிலும் அவள் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவாள். நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரமும் கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் வெண்ணெய் ஆலையில் சம்பளக் கணக்கு எழுதியவள். எண்கள் அவளுக்குப் பயமில்லை. சில வாரங்களில் பேனா அவள் கைக்கு மாறிவிட்டது. ராய்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பனியைப் பற்றியும் மீன் பிடித்ததைப் பற்றியும் பேசுவார். அந்தப் பேச்சு மட்டும் அவருக்குக் குறையவில்லை. அதனால் ஊரில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கையெழுத்து மட்டும் அவரே போட்டார். பிறகு அதுவும் தடுமாறியது. ஒரு சம்பள நாளில் சாலை ஆட்கள் மூவர் பூட்ஸில் பனியோடு வெளியே காத்து நின்றார்கள். ராய்ஸ் காசோலையில் முதல் எழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். அடுத்த எழுத்து வரவில்லை. தெல்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். அவள் பேனாவை எடுத்து, கணவர் பெயரை அவர் எழுதுகிற மாதிரியே எழுதி முடித்தாள்.

இதற்குச் சட்டப்படி ஒரு வழி இருந்தது. பொருளாளர் தனக்கு ஓர் உதவியாளரை நியமிக்கலாம். ஒற்றை வரிக் கடிதம் போதும். அதை நான் அவளிடம் சொன்னேன்.

"அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடணும்னா, தனக்கு என்ன ஆச்சுன்னு அவரு ஒத்துக்கணும் ஐலீன்," என்றாள். "டாக்டர் வாயைத் திறந்தவுடனே எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. ரெண்டு மைல் தேடினேன், மெயின் ரோட்டுல நடந்து போயிட்டிருந்தாரு. மறுபடி அந்தப் பேச்சை எடுத்தேன்னா என்னையே யாருன்னு கேப்பாரு. பாதி நாள் இப்பவே கேக்கறாரு."

அடுத்த வருஷம் அவளுக்கே மார்பில் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாம் வாரம் மீண்டும் பேருந்து ஓட்டினாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பர்லிங்டன் மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். செலவு முழுவதும் ராய்ஸின் பதவிக் காப்பீட்டில்தான் நடந்தது. வேறு இரண்டு நிறுவனங்களுக்கு எழுதிப் பார்த்தாள். ஏற்கெனவே நோய் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று இரண்டிலிருந்தும் பதில் வந்தது. பேருந்து வேலைக்குக் காப்பீடு கிடையாது.

1989 ஜனவரியில் கர்ட்டிஸ் ஹோல்ட் தணிக்கைக்கு வந்தார். கனெக்டிகட் மாநிலத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்று எங்கள் ஊரில் வீடு வாங்கியவர். வந்து ஆறு வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் வெளியாள்தான். முந்தைய தணிக்கையாளர்கள் கூட்டலைச் சரிபார்த்துவிட்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள். ஹோல்ட் பழைய காசோலைகளை எல்லாம் பரப்பி வைத்து நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் ராய்ஸ் கூடத்துப் பக்கம் போயிருந்தபோது தெல்மாவின் முன்னால் இரண்டு காசோலைகளை வைத்தார்.

"கணக்குல ஒரு சென்ட்கூட தப்பில்ல, மிசஸ் லாபாயின்ட். ஆனா இந்தக் கையெழுத்தும் அந்தக் கையெழுத்தும் ஒரே ஆள் போட்டது இல்ல."

தெல்மா இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி நடிக்க என்னால முடியாது. மார்ச்ல உங்க வீட்டுக்காரர் நிக்க வேண்டாம். நின்னாருன்னா நான் எந்திரிச்சுப் பேச வேண்டியிருக்கும்."

"அவரு நிக்கல. நான் நிக்கிறேன்."

ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நானும் நிக்கிறேன். கோபப்படாதீங்க. இந்த வேலையை இனிமேலாவது ஒழுங்கா ஒருத்தர் செய்யணும்."

"இவ்ளோ நாள் ஒழுங்கா செஞ்சது யாருன்னு நெனச்சீங்க?" என்று கேட்டாள் தெல்மா. அவர் காசோலைகளை உறையில் போட்டார்.

பிப்ரவரி முழுவதும் அவள் வீடு வீடாகப் போனாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலிப் பேருந்தோடு மலைச் சாலைகளில் ஏறி இறங்கினாள். ராய்ஸ் முதல் இருக்கையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருப்பார். அவரைத் தனியாக விட்டால் எரிகிற அடுப்பைத் திறந்து போட்டுவிட்டு மறந்துவிடுவார். "ராய்ஸுக்குக் கண்ணு சரியில்ல, அதான் நான் நிக்கிறேன்," என்று எல்லா வீட்டிலும் சொன்னாள்.

"கண்ணுதானே? கண்ணாடி கடையில கிடைக்குது," என்றான் பால்பண்ணைக்காரன் அல்டன் டட்டில். ராய்ஸோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன்.

"உனக்குக் கணக்கு என்ன தெரியும் தெல்மா?" என்று கேட்டாள் இன்னொரு வீட்டுக்காரி. "கோச்சுக்காதே. உன் பஸ்ஸுல என் பேரனை நம்பி ஏத்தறேன். அது வேற. அந்தக் கனெக்டிகட்காரர் முப்பது வருஷம் இதே வேலை பாத்தவராம்."

இரண்டரை வருஷமாக இந்த ஊரின் கணக்கு முழுவதும் தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் குற்றவாளி, சொல்லாவிட்டால் ஒன்றும் தெரியாத பேருந்து ஓட்டுநர். ஒருநாள் என் மேசை ஓரத்தில் நின்றபடி, "ஐலீன், எனக்கு மூச்சு முட்டுது," என்றாள். அவளுக்காக நான்கு வீடுகளில் பேசுவதாகச் சொன்னேன். இரண்டு வீடுகளில்தான் பேசினேன்.

மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். நூற்று நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். கீழே சமையலறையில் பீன்ஸும் பன்றித் தொடையும் வேகிற வாசனை. நான் மேடையில் உட்கார்ந்து நடந்ததை எழுதிக்கொண்டிருந்தேன். பனிச் சாலைகளில் தூவும் உப்புக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று பேசி முடித்து, பதினொரு மணிக்குப் பொருளாளர் தேர்தல் வந்தது.

ஹோல்ட்டின் பெயரை ஒருவர் சொன்னார். தெல்மாவின் பெயரை அவள் தங்கை சொன்னாள். கூட்டத் தலைவர் முடிக்கப் போகும் நேரத்தில் அல்டன் டட்டில் எழுந்தான்.

"நான் ராய்ஸ் லாபாயின்ட் பேரைச் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் நம்மளைக் காப்பாத்தின மனுஷன். கண்ணு மங்குதுன்னா பொண்டாட்டி படிச்சுச் சொல்லட்டும். அதுக்காக தூக்கிப் போட்டுடுவீங்களா?"

கூடம் கைதட்டியது. ராய்ஸ் அந்தக் கைதட்டலைக் கேட்டதும் எழுந்து நின்றார். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தார். ஒவ்வொரு வருஷமும் சொல்கிற வாக்கியத்தைத் தடுமாறாமல் சொன்னார்: "நன்றி. உங்க நம்பிக்கைக்கு என்னால முடிஞ்சதைச் செய்யறேன்."

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஹோல்ட் அந்தக் காசோலை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். தெல்மாவும் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் ராய்ஸ் ஜெயித்திருக்கலாம், காப்பீடும் தொடர்ந்திருக்கலாம். ஆனால் ஹோல்ட் எழுந்து பேசியிருப்பார், ராய்ஸ் நின்றுகொண்டிருக்கும்போதே.

அவள் முந்திக்கொண்டாள்.

"ராய்ஸ், உக்காரு," என்றாள் மெதுவாக. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "என் புருஷனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளையிலதான் நோவு. ரெண்டரை வருஷமா இருக்கு. உங்க வரி ரசீது, உங்க சம்பளச் செக்கு, வருஷக் கணக்கு புஸ்தகம், எல்லாம் நான் எழுதினது. அவரு கையெழுத்தையும் நான்தான் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஒரு சென்ட் குறையல, மிஸ்டர் ஹோல்ட்டையே கேளுங்க. எங்க ரெண்டு பேருக்கும் இன்சூரன்ஸ் இந்த வேலையிலதான் வருது. அது போச்சுன்னா நான் எங்க போறதுன்னு தெரியல. அதான் நிக்கிறேன்."

 ராய்ஸ் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல, தெல்?" என்று கேட்டார். கூடம் முழுவதும் கேட்டது.

"ஒண்ணுமில்ல. உக்காரு."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதே அறையில எழுத்தர் உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குத் தெரியாமலா நடந்துச்சு?"

எல்லார் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. என் பேனா தாளின் மேல் நின்றுவிட்டது. வாயைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெல்மா எனக்கு முன்னால் பேசிவிட்டாள்.

"ஐலீனுக்குத் தெரியாது. அவ சாப்பிடப் போற நேரத்துல போடுவேன்."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

டட்டில் தலையைக் குனிந்துகொண்டு, தான் சொன்ன பெயரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். ஆனாலும் முதல் சுற்றில் பத்தொன்பது பேர் ராய்ஸ் பெயரை எழுதியிருந்தார்கள். ஹோல்ட்டுக்கு அறுபத்தாறு, தெல்மாவுக்கு ஐம்பத்தெட்டு. யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாததால் மறுபடி சீட்டுப் போட்டார்கள். ஹோல்ட் எழுபத்தைந்து, தெல்மா அறுபத்தெட்டு. என் சீட்டு தெல்மாவுக்குத்தான். மடித்துப் பெட்டியில் போடுகிற சீட்டு, அதற்குத் தைரியம் தேவைப்படவில்லை.

அவள் ராய்ஸுக்குக் கோட்டு மாட்டிவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் போனாள். மூன்று மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டுமே.

அடுத்த வாரமே ஹோல்ட், தெல்மாவைத் தன் உதவியாளராகச் சம்பளத்தோடு வைத்துக்கொள்ள ஊராட்சிக் குழுவிடம் கேட்டார். கள்ளக் கையெழுத்துப் போட்டவளுக்கு ஊர்ப் பணத்தில் சம்பளமா என்று மறுத்துவிட்டார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் அவளை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தார். பணம் எதுவும் காணாமல் போகாததால் வழக்கு இல்லை என்று ஜூனில் கடிதம் வந்தது. ஆனால் காப்பீடு மார்ச் கடைசியோடு முடிந்துவிட்டது. ஏப்ரல் பரிசோதனைக்கு அவள் போகவில்லை. ஜூலைக்கும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டை டட்டிலுக்கு விற்றாள். அவள் கேட்டதற்கு மேலேயே அவன் கொடுத்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் நாற்பது மைல் தள்ளி இருந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆறு மாதம் கழித்துத்தான் காப்பீடு. அந்த ஆறு மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது மற்ற மார்பிலும் கட்டி இருந்தது. மறுபடி அறுத்தார்கள். அதற்குள் ராய்ஸையும் அதே இல்லத்தில் சேர்த்திருந்தாள். அவர் 1992இல் இறந்தார். அவள் அதற்கப்புறம் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தாள்.

இரண்டாவது அறுவைக்குப் பிறகு, ராய்ஸ் உயிரோடு இருந்தபோதே, ஒரு நாள் நான் அவளைப் பார்க்க அந்தச் சமையலறைக்குப் போனேன். வாளி நிறைய உருளைக்கிழங்கோடு உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், ஏழு பேர்தானே வித்தியாசம், நான் சொல்லியிருந்தால் நாலு பேர் மனம் மாறியிருக்கலாம் என்றேன்.

"விடு ஐலீன்," என்றாள். "உன் வேலையும் போயிருக்கும். அப்புறம் அந்த ஹோல்ட் மனுஷனுக்குப் பேரேடு எங்க இருக்குன்னு காட்டவாவது ஆள் வேண்டாமா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் இன்னொரு கிழங்கை எடுத்தாள்.

"ஆனா அன்னிக்கு நீ ஒரு தடவை என் மூஞ்சியைப் பாத்திருக்கலாம். நான் பேசி முடிக்கிற வரைக்கும் குனிஞ்சு எழுதிட்டே இருந்தே."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ராய்ஸுக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டும் என்று சொல்லிக் கத்தியை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து போனாள்.