நான் பிடித்துக் கொடுத்த நாலு இஞ்சு

ஜாக்கெட் வாங்க வந்த குளத்தூர்க்காரப் பெண்தான் சொன்னாள். நான் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை.

"யக்கா, தொரை செத்துப் போனாவளாம், தெரியுமா?"

"எந்தத் தொரை?"

"நாடகத்துத் தொரை. மந்திரமூர்த்தி மாமா. நேத்து மத்தியானமே எடுத்துட்டாவ."

கையில் ஊசி குத்தியது, ரத்தம் வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். குத்தவில்லை. மிச்சமிருந்த இரண்டு கொக்கியையும் கட்டி, ஜாக்கெட்டை மடித்து அவள் கையில் கொடுத்து அனுப்பினேன். அவள் தெருமுனை திரும்பிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாடகக் குழுவினர் அவர் நினைவாக ஒரு சிறு மலர் அச்சடிக்கிறார்கள். நடிப்பைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், உடுப்பைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவரை மேடையில் பார்த்தவர்கள் நீங்கள் எத்தனையோ பேர். அவருடைய அளவு தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சொல்ல வேண்டியதும் எனக்குத்தான் இருக்கிறது.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஆடு வளர்த்தவர். குளத்தூர்ப் பக்கம் கரிசலில் கொஞ்சம் மிளகாய் போடுவார். கோயில் கொடைத் திருவிழாக் காலம் வந்தால், பாளையக்காரர் நாடகத்தில் வெள்ளைக்காரத் துரையாக வேஷம் கட்டுவார். பாளையக்காரரைப் பிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து விசாரித்து, தூக்கில் போடச் சொல்கிற துரை. அந்த வேஷத்துக்கு வேறு யாரும் வரமாட்டார்கள். விளாத்திகுளம் வட்டாரம் முழுக்க இருபது வருஷமாக அவர்தான் துரை.

அவர் முதன்முதலாக என் வாசலுக்கு வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கோவில்பட்டியில் என் வீட்டின் முன்னறைதான் கடை. 'லேடீஸ் டெய்லர்' என்று கொட்டை எழுத்தில் போர்டு உண்டு. அதற்குக் கீழே நின்றுகொண்டு, "தங்கச்சி, ஒரு பேண்ட் தைக்கணும்" என்றார்.

"அண்ணாச்சிக்கு போர்டு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"வாசிச்சிட்டுத்தான் வாரேன்" என்றார் சிரிக்காமல்.

கையில் ஒரு நோட்டீஸ். அதன் பின்புறம் பென்சிலில் ஒரு படம். சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு மியூசியத்தில் கண்ணாடிக்குள் அந்தக் கால ராணுவ உடுப்பைப் பார்த்தாராம். காவலாளி விரட்டுகிறவரை நின்று வரைந்துகொண்டு வந்திருக்கிறார். வெள்ளை பேண்ட். சிப் கிடையாது. முன்னால் கதவு மாதிரி ஒரு மடிப்பு, அதற்கு இரண்டு பக்கமும் பித்தான். பாக்கெட் கிடையாது, பெல்ட் மாட்டும் பட்டியும் கிடையாது. பின் இடுப்பில் ஒரு பிளவு, அதில் நாடா கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும்.

"மூணு பேருட்ட குடுத்துப் பாத்துட்டேன் தங்கச்சி. ஒருத்தன் சிப்பு வச்சிட்டான். ஒருத்தன், சும்மா கெடக்கட்டும்னு ரெண்டு பாக்கெட்டு வச்சுத் தந்தான். இன்னொருத்தன் பைஜாமா மாதிரி தைச்சிட்டு, ஒக்கார வசதியா இருக்கும்லான்னு என்னையே கேக்கான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? ஆம்பளைத் துணிய நான் தொடுறதில்ல."

"எங்க வீட்டுக்காரிக்கு நீங்க தைச்ச ஜாக்கெட்டப் பாத்தேன். ஒடம்போட ஒட்டி நிக்கி. கையத் தூக்குனாலும் கிழியல. இந்த வித்தை தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும். அளவ அவளே எடுத்துத் தருவா. நீங்க என்னைய ஏறிட்டும் பாக்க வேண்டாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேண்ட் தைக்கிறவர்கள் துணியைத் தொங்கவிடுவார்கள். ஜாக்கெட் தைக்கிறவள் துணியை உடம்புக்கு வளைக்க வேண்டும். புகழ்ந்தால் மயங்குகிற ஆளும் நான்தான். ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் அவருடைய மனைவி பேச்சியக்கா கூட வந்தாள். அவர்கள் இருவரும் திரைக்கு அந்தப் பக்கம். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். இடுப்பு முப்பத்திநாலு. தொடை, முட்டி, கெண்டைக்கால் எல்லாம் கணீரென்று வந்தன. கவுட்டு அளவு கேட்டபோது சத்தம் நின்றுவிட்டது. முன் இடுப்பில் தொடங்கி இரண்டு காலுக்கும் நடுவே வந்து பின் இடுப்பில் முடிகிற அளவு அது. கொஞ்ச நேரம் கழித்து முனகலாக ஒரு எண் வந்தது. எழுதிக்கொண்டேன். முரட்டு டிரில் துணியில், தொடைப் பகுதியை மட்டும் ஜாக்கெட்டுக்கு வெட்டுவதைப் போல, துணியைக் கோணலாகப் போட்டு கிராஸ் கட்டில் வெட்டித் தைத்துக் கொடுத்தேன்.

கொடை முடிந்த மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். பேண்ட் ஒரு பேப்பரில் சுற்றியிருந்தது. பாளையக்காரர் தூக்குமரத்தடியில் நிற்கிறார், துரை தீர்ப்புச் சொல்ல நாற்காலியில் உட்காருகிறார், பின்பக்கம் டர்ரென்று கிழிந்திருக்கிறது. ஊரே சிரித்திருக்கிறது. கழுத்தில் கயிறு மாட்டியிருந்த பாளையக்காரரும் சிரித்துவிட்டாராம்.

நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், பதிலுக்குக் கத்தத் தயாராகவும் இருந்தேன். அவர் குரலே உயரவில்லை.

"என்னையப் பாத்து காறித் துப்பட்டும் தங்கச்சி. மண்ண வாரி எறியட்டும். சிரிச்சிரக் கூடாது. தொரையப் பாத்து சிரிச்சிட்டான்னா, அந்த மனுசன் தூக்குல தொங்குறதும் வெளையாட்டாப் போயிருதுல்லா."

அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பேச்சியக்காவைக் கூப்பிட்டு அனுப்பி விசாரித்ததில், வந்த எண்ணில் இரண்டு இஞ்சைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அம்புட்டுப் பெருசாவா சொல்ல முடியும்? அவியளப் பத்தி நீ என்ன நெனப்ப?" என்றாள். முகம் சிவந்துபோயிருந்தது.

நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. இந்தத் தடவை எண்ணே சொல்ல வேண்டாம், டேப்பில் நகத்தால் பிடித்து அப்படியே என்னிடம் நீட்டுங்கள் என்றேன். நீட்டினாள். ஜாக்கெட்டின் கக்கத்தில் இழுவைக்காக வைக்கிற துண்டைப் போலக் கவுட்டிலும் ஒரு சதுரத் துண்டு கொடுத்து, புதிதாகத் தைத்தேன். பின் இடுப்புப் பிளவை மூன்று விரல் அகலத்துக்கு விட்டு நாடா கோத்தேன்.

அந்த பேண்டை நான் மேடையில் ஒருமுறைதான் பார்த்தேன். சுதந்திர தினத்தன்று, கோவில்பட்டியில் ஒரு பள்ளி மைதானத்தில் பட்டப்பகலில் நாடகம் போட்டார்கள். காலில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ரப்பர் பூட்ஸ். மேலே சிவப்புக் கோட்டு. அவர் நடந்து வந்தபோது பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி உரக்கவே வைதாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியில் ஒரு சுருக்கம் இல்லை, தொடையில் ஒரு இழுவை இல்லை. எழுந்தார், திரும்பினார், மறுபடி உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பாளையக்காரருக்காகத் தேம்பிக்கொண்டிருந்தாள். நான் துரையின் பின்பக்கத் தையலையே பார்த்துக்கொண்டிருந்ததில், தூக்குப் போட்டதைச் சரியாகப் பார்க்கவில்லை.

நாடகம் முடிந்து, பூசிய முகத்தோடு என்னிடம் வந்தார். "பாத்தியா தங்கச்சி, ஒருத்தரும் சிரிக்கல" என்றார். அன்றைக்குத்தான் அவர் என்னை நீ என்று சொல்லத் தொடங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கொடைக்காலத்துக்கு முன்னும் பேண்டைக் கொண்டுவருவார். பித்தான் இறுக்குவேன், நாடா மாற்றுவேன். போன இடத்துக் கதையெல்லாம் சொல்லுவார். எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு டீக்கடைக்காரர், "தூக்குல போட்டவருக்கு எங்கிட்ட டீ கெடையாது" என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு அந்த டீயை அவர் குடிக்காமலே ருசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனியில், நாடா மாற்ற எடுத்தபோது, பின் இடுப்புப் பிளவு முழுக்க மூடியிருந்த தடம் தெரிந்தது. மூன்று விரல் இடைவெளியும் போய், இரண்டு ஓரமும் முட்டி அழுக்கேறியிருந்தன. "லேசா லூசா இருக்கு, பிடிச்சுக் குடு தங்கச்சி" என்றார். ஒரு இஞ்சு உள்ளே பிடித்துத் தைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, எளச்சிட்டீங்களா?"

"மழை ஏது? ஆட்டுக்கு மேய்ச்சல் இல்ல. வெயில்ல அலையுதேன்லா."

மழை இல்லாததும் உண்மை, மேய்ச்சல் இல்லாததும் உண்மை. நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒன்றரை இஞ்சு பிடித்தேன். அந்தத் தடவை கேட்கவில்லை. போன பங்குனியில் மறுபடி ஒன்றரை. அப்போது இன்னொன்றும் கேட்டார். "தொடைக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பஞ்சு வச்சுத் தைச்சிரு. தொரைன்னா தெடமா இருக்கணும்லா."

பஞ்சை மெலிதாகப் பரப்பி, வெளியே மேடுபள்ளம் தெரியாதபடி துணி கொடுத்து மூடித் தைத்தேன். நல்ல வேலை. என் ஆயுளில் அதைவிடச் சுத்தமாக நான் ஒன்றும் தைத்ததில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "பழைய ஆளாட்டம் இருக்கேன்" என்றார். ஆமாம் என்றேன்.

எனக்குத் தெரியாதா? நாலு இஞ்சு குறைந்திருக்கிறது. வெயிலில் அலைகிறவர் உடம்பு இப்படிக் கரையாது என்று டேப் பிடிக்கிறவளுக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. வேற்று ஆம்பளையின் உடம்பைப் பற்றி நான் எப்படிப் பேச என்று விழுங்கிக்கொண்டேன். இரண்டு இஞ்சைச் சொல்லக் கூசினாள் என்று பேச்சியக்காவைப் பார்த்து அப்படிச் சிரித்தவள் நான்தான்.

ஐப்பசியில் வயிற்றுவலி என்று படுத்தார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை.

செய்தி தெரிந்த பிறகு குளத்தூருக்குத் துட்டி கேட்கப் போனேன். மழை பெய்து, பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலிருந்தே கரிசல் சேறு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பேச்சியக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, ஏதோ கதை சொல்லுவதைப் போலச் சொன்னாள்.

"ரெண்டு வருசமாவே சொன்னேன் தங்கம், எளச்சிக்கிட்டே போறிய, டாக்டர்ட்ட காட்டுவோம்னு. அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? நீ தைச்ச பேண்ட எடுத்து மாட்டிட்டு வந்து எம் முன்னால நின்னாவ. 'ஏட்டி, பத்து வருசத்துக்கு முன்னால தைச்ச பேண்டு, சிக்குன்னு நிக்கி பாரு. எங்க எளச்சிருக்கேன்?'ன்னாவ. நானும் பாத்தேன். கச்சிதமாத்தான் இருந்துச்சு. நம்பிட்டேன் தங்கம்."

அது வருஷா வருஷம் நான் உள்ளே பிடித்துச் சிறிதாக்கிய பேண்ட் என்று அவளுக்குத் தெரியாது. நாடா மாற்றத்தான் என்னிடம் வருகிறார் என்று நினைத்திருக்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. புறப்படும்போது அவள் அந்த பேண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்து, "நீ தைச்சது, நீயே வச்சுக்க" என்றாள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த பேண்ட் மட்டும்தான். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைப் பிரித்தேன். பஞ்சை எடுத்துப் போட்டேன். பிடித்த தையலையெல்லாம் அறுத்து, பழையபடி முப்பத்திநாலுக்கு விட்டேன். டிரில் துணியில் ஊசித் தடம் போகாது. துவைத்துப் பார்த்தேன், தேய்த்தும் பார்த்தேன். வருஷத்துக்கு ஒன்றாக மூன்று வரிசை ஓட்டை அப்படியே இருக்கிறது.

பேச்சியக்கா, நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சி இளைத்தது உண்மை. உங்கள் கண் பார்த்ததுதான் சரி. அதைப் பொய்யாக்கியது என் தையல். ஒரு நாள் பஸ் ஏறி வாருங்கள். பேண்டை எடுத்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வரிசையாக உங்களுக்குக் காட்டுகிறேன். பார்த்துவிட்டு என்னை வைய வேண்டும் என்றால் வையுங்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன்.