இன்னும் கொஞ்சம் பெருசா

என் தம்பியைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'ஊமை சார்' என்பார்கள். வீட்டில் வாயைத் திறந்தால் மூட மாட்டான், அவனுக்குப் போய் இப்படி ஒரு பேர். வார்த்தை இல்லாமல் முகத்தாலும் கையாலும் கதை சொல்கிற மௌன நாடகம் கற்றுக்கொடுப்பதுதான் அவன் வேலை. கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்காருவதும், ஆண்டு விழாவுக்கு நாற்காலி அடுக்குவதும் அவன் தலையில்தான் விழும்.

கல்யாணம் வேண்டாம் என்று என் வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டான். பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று இல்லாத கதவைத் திறப்பான், மூடுவான். "இருக்கிற கதவையும் கொஞ்சம் மூடேண்டா, கொசு வருது" என்று கீழேயிருந்து கத்துவேன்.

கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லவில்லை. இல்லாத வாளியைத் தூக்கினால் தோள் இறங்க வேண்டும், இல்லாத சுவரில் கை வைத்தால் விரல் தட்டையாக வேண்டும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரிய வைத்துவிடுவான். வருஷா வருஷம் ஒரு பயிற்சி கொடுப்பான். வீட்டில் யாராவது ஒருவரைக் கவனித்துவிட்டு வந்து, அவர் செய்வதைப் பேசாமல் செய்து காட்ட வேண்டும். ஒருத்தன் மூக்குக் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடும் அப்பாவைக் காட்டுவான். இன்னொருத்தி போனில் சண்டை போடும் அத்தையைக் காட்டுவாள். வகுப்பு சிரித்து உருளும்.

போன வருஷம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். பார்க்கச் சின்னதாக, துறுதுறுவென்று இருப்பதால் எல்லோரும் அணில் என்று கூப்பிடுவார்கள். அவள் ஒரு பொம்பளையைக் காட்டினாள். பாத்திரம் கழுவுகிறாள். வாசலில் ஏதோ சத்தம். குழாயை மூடுகிறாள், கையைத் துடைக்கிறாள், முடியைச் சரிசெய்கிறாள், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்புகிறாள். சட்டென்று தலை ஒரு பக்கம் போகிறது. கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் குனிந்து, உடைந்த எதையோ பொறுக்குகிறாள்.

அன்றைக்கு என் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறையில் நின்று எனக்கு முழுவதையும் செய்து காட்டினான்.

"யாருடா அந்தப் பொம்பளை?" என்றேன்.

"யாரா இருந்தா என்னக்கா? டிவியில பாத்திருப்பா. அந்த டைமிங்கைப் பாரு, பெரிய ஆளுங்களுக்கே வராது!"

"வீட்டுல பாத்துட்டு வரச் சொன்னவனே நீதானேடா?"

அது அவன் காதில் ஏறவேயில்லை. பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு அதையே தயார் செய்தான். தலை திரும்புவது பின்வரிசைக்குத் தெரியாது, இன்னும் கொஞ்சம் பெருசா என்றான். நாற்காலி தடுக்கி விழ வைத்தான். பொறுக்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டு சப்ப வைத்தான். மறுபக்கமிருந்து இரண்டாவது அறை ஒன்றையும் சேர்த்தான். ஒரு அடி விழுந்தால் பாவமாக இருக்கும், இரண்டு விழுந்தால் சிரிப்பு வரும் என்பது அவன் கணக்கு.

"இது சிரிக்கிறதுக்கா சார்?" என்று அவள் ஒருநாள் கேட்டாளாம்.

"சிரிச்சாதாம்மா ஞாபகம் இருக்கும்" என்றிருக்கிறான் இந்த மேதாவி.

அவளுக்குக் கறுப்பு உடை தைத்தவள் நான் என்பதால் போட்டிக்கு நானும் போனேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவளுடைய அப்பா. முதல் பரிசு.

முடிந்ததும் அவர் வந்து என் தம்பியின் முதுகில் தட்டினார். "பிரமாதம் சார், எங்க குடும்பத்துல யாருக்குமே இந்தத் திறமை கிடையாது!" பிறகு, கொஞ்சம் தள்ளி நின்ற மனைவியைப் பார்த்து, "ஏய், இங்க வா" என்றார்.

அந்த அம்மா கையைத் துடைத்தாள். கையில் ஈரமே இல்லை. முடியைச் சரிசெய்தாள். சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்பினாள். முகத்தில் வெள்ளை பூசியிருந்தது அந்தப் பிள்ளைதான், ஆனால் வெளுத்துப்போனது என் தம்பி.

மறுநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே சார். எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டினேனே. நீங்க நல்லாயிருக்குன்னீங்க."

நேராகத் தலைமை ஆசிரியையிடம் போனான். அந்த அம்மாள் மோசமானவர் இல்லை. ஆனால் பாவம், விசாரிக்கிற முறை தெரியவில்லை. அப்பா, அம்மா, பெண், இவன் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்.

"இந்த ஆளு கட்டிவிட்ட கூத்துக்கு நான் பதில் சொல்லணுமா?" என்று குதித்தார் அப்பா.

தலைமை ஆசிரியை என் தம்பியிடம் கேட்டார். "இதுல அவளா செஞ்சது எது, நீங்க சேர்த்தது எது? பிரிச்சுச் சொல்லுங்க."

"ரெண்டாவது அடி நான் சேர்த்தது மேடம். விழறது நான். விரல் கிழியறதும் நான். முதல் அடி அவளோடது... அதையும் நான்தான் பெருசாக்கினேன்."

அணிலைக் கேட்டார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"எல்லாமே சார் சொல்லிக் குடுத்ததுதான் மிஸ்" என்றாள்.

அதோடு வழக்கு முடிந்தது. அடுத்த வாரமே அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். எந்தப் பள்ளி என்றுகூட இவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த வருஷம் அந்தப் பயிற்சியையே நிறுத்திவிட்டான். கயிறு இழுப்பது, வாளி தூக்குவது, அவ்வளவுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். "ஏண்டா நிறுத்தின? இன்னொரு பிள்ளை சொல்ல வந்தா அது எங்கடா போகும்?"

"யார்கிட்டயாவது போகட்டும்க்கா. எங்கிட்ட வர வேண்டாம்" என்றான்.