கிளைமாக்ஸில் நின்றுபோன காட்டேரி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் காலனித் தெருவில் ஈ, காக்கா இல்லை. கிரிக்கெட் மேட்சா? இல்லை. தேர்தல் முடிவா? அதுவும் இல்லை. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய எங்கள் தெருக்கள் மொத்தமும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தன. லோக்கல் கேபிள் சேனலில் ரத்தக்காட்டேரி படம்.

இங்கிலீஷ் படம்தான். ஆனால் தமிழ் பேசும். அதுவும் எந்தத் தமிழ்? அமெரிக்காவில் ஐம்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிற்கிற காட்டேரி, "இன்னா நைனா, ஓவரா பேஜார் பண்ணிகினு கீற?" என்று கேட்கும். இந்த டப்பிங்கை எழுதியவர் யாரென்று தெரிந்தால் என் பத்தியில் பாதி இடத்தை அவருக்கே கொடுத்துவிடுவேன்.

ஹீரோ காட்டேரிகளை வேட்டையாடுகிறவர். கறுப்புக் கோட்டு, ராத்திரியிலும் கூலிங் கிளாஸ். அவருக்கு ஒரு விசேஷ சக்தி - அரை மைல் தூரத்தில் இருக்கிறவரின் இதயத்துடிப்புகூட அவர் காதில் விழும். துடிப்பே கேட்காமல் ஒருவர் நடந்து வந்தால் அது காட்டேரி. வாளை உருவிவிட வேண்டியதுதான். ஊரில் உள்ள காட்டேரிகளையெல்லாம் ஒழித்துக்கட்டுகிற மனுஷனுக்கு வீட்டில்தான் சோதனை. காட்டேரித் தலைவன் அவர் மனைவியைக் கடித்துவிடுகிறான். அவள் இதயத்துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவர் சண்டை போட வேண்டும்.

இந்தப் படத்தைப் போடச் சொல்லி எங்கள் கேபிள்காரர் செல்வத்தை நச்சரித்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். பேங்கில் ஆபீசர், பெருமாள் பக்தர், காட்டேரிப் பிரியர். இன்னொருத்தி பக்கத்து வீட்டு நஸ்ரீன். பெருங்களத்தூரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் பஷீர் பாயின் மனைவி. பேய்ப் படம் என்றால் நஸ்ரீனுக்கு உயிர். தனியாகப் பார்க்கத்தான் பயம். அதனால் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்து, பயம் வருகிற இடத்தில் என் தோளைக் கிள்ளுவாள்.

எதிர்த்தவர் ஒரே ஒருத்தர். லில்லி டீச்சர். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரத்தில் கணக்கு டீச்சர். பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டால் தண்ணீர் லாரி எங்கள் வாசலில் நிற்காது.

"நடுவீட்டுல கொண்டுவந்து ரத்தக் களறியைக் காட்டணுமா? பிள்ளைங்க என்னத்துக்கு ஆவும்?" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார். "நீங்க யார் வேணா பாருங்க. என் வீட்டு டிவி அன்னிக்கு முழுக்க ஆஃப்."

சொன்னால் சொன்னதுதான். டீச்சரின் சொல்லில் சந்தேகப்பட எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது.

செல்வத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் சேனலில் படத்துக்குக் கீழே ஸ்க்ரோலிங் ஓடும். பிறந்தநாள் வாழ்த்து, காது குத்து அழைப்பு, காலிமனை விற்பனை. இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் செல்வம் படத்துக்குத் தகுந்தபடி விளம்பரம் போடுவார். பாம்புப் படம் ஓடினால், 'பால், முட்டை எந்நேரமும் கிடைக்கும் - அண்ணாச்சி ஸ்டோர்ஸ்.' வெள்ளத்தில் ஊரே முழுகுகிற படத்துக்கு, 'மேடான இடத்தில் வீட்டுமனை.' படத்தைவிட இதற்குத்தான் எங்கள் காலனியில் ரசிகர்கள் அதிகம்.

அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். ஹீரோ முதல் காட்டேரியை வெட்டும்போதே கீழே ஓடியது: 'காட்டேரித் தொல்லையா? நாட்டுப் பூண்டு உரித்தும் உரிக்காமலும் கிடைக்கும் - அண்ணாச்சி ஸ்டோர்ஸ்.' என் வீட்டுக்காரர் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: 'ரத்தம் உறிஞ்சுபவர்களிடமிருந்து பாதுகாப்பு. டபுள் கட்டில் கொசுவலை, அளவெடுத்துத் தைத்துத் தரப்படும்.'

நஸ்ரீன் மட்டும் ஹாலில் இல்லை. காலையில்தான் தாம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வருஷக்கணக்கில் காத்திருந்து உண்டான குழந்தை. ஆட்டோவில் ஏறும்போதுகூட, "அக்கா, படத்தை நல்லாப் பார்த்து வையுங்க. ஒண்ணு விடாம கதை சொல்லணும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

படம் பாதியைத் தாண்டியபோது என் செல்போன் அடித்தது. வாசலுக்கு வந்து எடுத்தேன். பஷீர் பாய்.

"அக்கா, ஒரு உதவி பண்ணணும்." குரலே சரியில்லை. "நச்சுக்கொடி கீழ இறங்கியிருக்காம். சாயந்திரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் நிறையப் போகும், கையில ரத்தம் இல்லாம தொட முடியாதுங்கறாங்க டாக்டர். இவளுக்கு ஓ நெகட்டிவ்."

"உன் மச்சான் தர்றதா ஏற்பாடுதானே?"

"அவருக்கு மூணு நாளா காய்ச்சல்க்கா. எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பிளட் பேங்க்ல ஒரு பாட்டில்தான் இருக்கு, இன்னொண்ணு வேணுமாம். எல்லா இடமும் கேட்டுட்டேன், ஞாயித்துக்கிழமை, யாரும் சரியா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. செல்வத்துகிட்ட சொல்லி டிவில போடச் சொல்லுங்கக்கா."

நல்ல யோசனை. காலனியே டிவி முன்னால் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? செல்வத்துக்கு உடனே போன் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். ஐந்து நிமிஷத்தில் எழுத்து ஓட ஆரம்பித்தது.

'அவசரம். ஓ நெகட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை. தொடர்புக்கு செல்வம் கேபிள் விஷன்.'

அந்த நேரம் பார்த்துத் திரையில் காட்டேரித் தலைவன் ஒரு போலீஸ்காரரின் கழுத்தில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரர் கைதட்டினார். "செல்வத்தை அடிச்சுக்க ஆள் கிடையாது. காட்டேரிக்கே விளம்பரம் குடுத்துட்டான் பாரு." எதிர்வீட்டிலிருந்தும் சிரிப்புச் சத்தம். மேல்வீட்டிலிருந்தும்.

டிவி சத்தத்தைக் குறைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிப்போய் எழுந்து நின்றார். இருவரும் ஸ்கூட்டரில் செல்வத்தின் மாடி அறைக்குப் பறந்தோம்.

அங்கே செல்வம் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னாக்கா பண்றது? நானும் எவ்ளோ தபா சொல்லிட்டேன். ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. 'நம்மகிட்ட ஏ பாசிட்டிவ் கீது, காட்டேரிக்கு ஒத்துக்குமா'ன்னு கேக்கறான் ஒருத்தன். 'அரை லிட்டர் வோணுமா, ஒரு லிட்டரா'ன்னு இன்னொருத்தன். வாராவாரம் நான் பண்ண கூத்து, இன்னிக்கு என் தலைலயே வந்து விழுந்துகீது."

"படத்தை நிறுத்துங்க செல்வம்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். கிளைமாக்ஸ். காட்டேரித் தலைவன் ஒழிந்துவிட்டான். ஹீரோ மனைவியைத் தரையில் கிடத்தி, அவள் நெஞ்சில் காதை வைக்கிறார். துடிப்பு இருக்கிறதா, இல்லையா? பின்னணி இசையே இல்லை. படம் முழுக்க இந்த ஒரு நொடிக்காகத்தான் ஊரே உட்கார்ந்திருந்தது.

"இப்போ நிறுத்தினா வூடு பூந்து அடிப்பாங்கக்கா."

"அடிக்க வரட்டும். வந்தாலாவது குரூப் கேட்கலாம்."

செல்வம் பட்டனை அமுக்கினார். ஹீரோ, மனைவி, எல்லாம் போய்த் திரை நீலமானது. கோயில் திருவிழாவை நேரடி ஒளிபரப்பு செய்ய வைத்திருந்த சின்ன கேமராவை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். பனியனும் லுங்கியுமாக இருந்த செல்வம், கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார். பட்டன்கள் ஒன்று மேலே, ஒன்று கீழே.

"நான்தான் செல்வம் பேசறேன். இது விளம்பரம் இல்ல சார். பூண்டு மாதிரி இல்ல. நம்ம ஹார்ட்வேர் பஷீர் பாய் சம்சாரம் நஸ்ரீன் அக்கா ஆஸ்பத்திரில கீறாங்க. வயித்துல குழந்தை கீது. ஓ நெகட்டிவ் ரத்தம் இருந்தாத்தான் ஆபரேஷன். தயவுசெஞ்சு சிரிக்காதீங்க. நான் வெளையாடல."

கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன்கள் இரண்டும் அமைதியாகிவிட்டன. சிரித்தவர்களெல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டால் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு ஒரு மணி நேரமாகத் தோன்றியது.

அப்புறம் ஒரு போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"செல்வம், லில்லி டீச்சர் பேசறேன்."

செல்வம் கும்பிடாத குறை. "டீச்சர், நீங்க சொன்னது கரெக்ட்தான். இந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாது. அப்பால வந்து எவ்ளோ வேணா திட்டுங்க, இப்போ லைனை மட்டும் வுடுங்க..."

"ஏன்டா, சொல்றதைக் கேட்க மாட்டியா? நான் ஓ நெகட்டிவ். ஆட்டோவை அனுப்பு. செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறேன்."

நாங்கள் கீழே இறங்கும்போது வாசலில் ஒரு கூட்டம். பாதிப் பேர் படத்தை ஏன் நிறுத்தினாய் என்று கேட்கக் கிளம்பி, வழியில் விஷயம் கேள்விப்பட்டு நின்றவர்கள். மீதிப் பேர் தங்கள் குரூப் என்னவென்றே தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று வந்தவர்கள். அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். "எது வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் ஜூ பார்த்துவிட்டுத் திரும்புகிற கூட்டம். டீச்சரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய எங்கள் ஆட்டோ இரும்புலியூரில் அசையாமல் நின்றது. டீச்சர் தலையை வெளியே நீட்டி, முன்னால் நின்ற வேன்காரரை ஒரு அதட்டு அதட்டினார். அவர் எந்தக் காலத்திலோ டீச்சரிடம் கணக்கு படித்தவர் போலிருக்கிறது. வழி கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் பஷீர் பாய் டீச்சரைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு அழப் போனார். "அப்புறம் அழலாம், முதல்ல ரூமைக் காட்டு" என்றார் டீச்சர்.

சோதனையெல்லாம் முடிந்து ஊசி ஏறியது. நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் பைக்குள் இறங்குவதை டீச்சர் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கேள்வி தொண்டை வரை வந்து நின்றது. டிவி முழுக்க ஆஃப் என்றவருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? கேட்கவில்லை. ரத்தம் கொடுத்துக்கொண்டிருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

டீச்சரே ஆரம்பித்தார்.

"சேனல் மாத்தும்போது தற்செயலா பார்த்தேன்."

"அப்படிங்களா டீச்சர்."

"ம்."

அப்புறம் ஃபேனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணுக்குத் துடிப்பு இருந்துதா, இல்லையா?"

"டாக்டர் சொன்னாங்க டீச்சர், நஸ்ரீனுக்கும் குழந்தைக்கும் துடிப்பு நல்லா இருக்கு."

"அது தெரியும். நர்ஸ் சொல்லிட்டா. நான் கேட்டது..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "சரி, விடு."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்று சாயந்திரமே ஆபரேஷன் முடிந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பயந்தபடியே ரத்தம் நிறையப் போனது, இரண்டு பாட்டிலும் தேவைப்பட்டன என்றார் டாக்டர். பஷீர் பாய் இந்த முறை யாரையும் கேட்காமல் அழுதார். நானும்தான்.

மேடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டில் சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கிறவர்களை நான் இந்தப் பத்தியிலேயே பலமுறை கிண்டல் செய்திருக்கிறேன். இனிமேல் கொஞ்சம் யோசிப்பேன். லில்லி டீச்சர் மட்டும் தன் கொள்கையில் உறுதியாக நின்றிருந்தால், நஸ்ரீன் இன்றைக்கு எங்கே இருந்திருப்பாள்? சில பேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் இருப்பதே ஊருக்கு நல்லது.

செவ்வாய்க்கிழமை மாலை, சீரியல் ஓடுகிற நேரம், செல்வத்தின் சேனலில் ஒரு அறிவிப்பு ஓடியது. 'பஷீர் பாய் வீட்டில் பெண் குழந்தை. இது விளம்பரம் அல்ல, உண்மை. பெயர் வெளியிட விரும்பாத ரசிகை ஒருவருக்காக, ஞாயிறு அன்று நின்றுபோன கிளைமாக்ஸ் இப்போது மறுபடியும்.'

காலனி முழுக்க சீரியலை விட்டுவிட்டு உட்கார்ந்தது. நான் மட்டும் வாசலுக்கு வந்து பார்த்தேன். லில்லி டீச்சர் வீட்டில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் மனைவியைக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து தெருமுனை வரைக்கும் கேட்டது.