நானே கழற்றிய வயர்

மனைவி இறந்த பிறகு கோச்சடை வீட்டில் நான் மட்டும்தான். மகன் வாங்கித் தந்த ஏசி காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாலும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளும் நானும் சுற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்தேன். இரண்டே சீட், கூரை கிடையாது. சிம்மக்கல் ஆட்டோ ஸ்டாண்டு அருகே நின்றுவிட்டது. ஓர் ஆட்டோக்காரர் வந்து பானட்டைத் திறந்தார்.

"எல்லாமே கண்ணு முன்னாடி இருக்குண்ணே. இப்ப வர்ற வண்டியில கை வைக்க முடியுமா?" என்றபடி, கழன்றிருந்த வயரைச் செருகினார்.

அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். "எம்புட்டு ஸ்பீடு போகும்?", "பெட்ரோல் எம்புட்டு குடிக்கும்?" அரை மணி நேரம் வாய் ஓயாமல் பதில் சொன்னேன்.

இனிமேல் சொல்லப்போவது வெட்கக்கேடு. அடுத்த ஞாயிறு அதே இடத்தில் நிறுத்தி, அந்த வயரை நானே கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் நின்றேன். அவர் வந்து மாட்டினார். கூட்டம் சேர்ந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

நான்காவது முறை, வயரைச் செருகியவர் பானட்டை மூடாமல், பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழாதபடி குனிந்தார்.

"இது தானா கழண்டது இல்லண்ணே. போன தடவையே தெரியும். அடிக்கடி கழட்டுனா முனை ஒடஞ்சு போகும். சும்மா ஒரு ஹாரன் அடிங்க, வாரேன்."

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். ஹாரனில் கை வைக்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடித்துவிடுகிறேன்.