ஏழாம் நாள் எடுக்க வேண்டிய ஊசிகள்

என் நைனா ஆம்பூரில் தோல் பதனிடும் பட்டறையில் வேலை செய்தவர். நாலைந்து வருஷமாகத் தலைவலி; பிறகு வலது கை இழுத்துக்கொண்டு வலிப்பும் வந்தது. மூளையில் மெதுவாக வளரும் கட்டி என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர். முழுவதும் வெட்டினால் பேச்சு போய்விடுமாம். அதனால் மண்டையில் சிறு துளையிட்டு, கதிர்வீச்சால் கட்டியைச் சுருக்கும் ரேடியம் ஊசிகளை அதற்குள் செருகினார். அவற்றின் நூல் நுனிகள் கட்டுத் துணிக்கு வெளியே தொங்கின. ஏழாம் நாள் காலை உருவிவிட வேண்டும். தாமதித்தால் நல்ல மூளையும் கெட்டுவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். டாக்டர் சொன்னதை நைனாவுக்குப் புரியவைத்தவளும் நான்தான்.

"பட்டைத் தொட்டியில தோலு ஊறுதே, அந்த மாதிரி நைனா. உள்ள இருந்தே வேலை செய்யும்."

மரப்பட்டைச் சாற்றில் தோலை வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதமாக்கும் தொட்டி அது. சொல்லிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ரேடியத்துக்கு அருகில் உட்காரக் கூடாது என்றதால் ஆறு நாளும் அறை வாசலிலேயே கிடந்தேன். சுவரில் சாய்ந்து சாய்ந்து முதுகு மரத்துப்போயிருந்தது. ஏழாம் நாள் நர்ஸம்மா தட்டோடு வந்தபோது நைனா இடது கையால் தலைக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா அவசரம்? பட்டையில ஏழு நாளு ஊறினா மேலதான் செவக்கும், நடுவுல பச்சையாவே கெடக்கும். இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும்."

"டாக்டர் திட்டுவாருங்க, பெரியவரே."

"தோலைப் பத்தி அவருக்கு இன்னாம்மா தெரியும்? எம் பொண்ணு படிச்சவ, அவளே சொன்னா."

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கெஞ்சினேன், அதட்டினேன், கை இறங்கவில்லை. பிடித்து இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்று நர்ஸம்மா பயந்தார். களைப்பில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

"நைனா, நான் சொன்னது தப்பு. அது பட்டைத் தொட்டி இல்ல. சுண்ணாம்புத் தொட்டி."

தோலில் மயிர் கழல்வதற்காகச் சில நாள் மட்டும் போட்டு எடுக்கும் தொட்டி அது. அவர் பார்வை என் பக்கம் வந்தது.

"சுண்ணாம்புல நாலு நாளு ஜாஸ்தி போட்டு வெச்சா இன்னா ஆவும்?"

"வெந்து பூடும். தொட்டா பிஞ்சுக்கினு வரும்." கொஞ்சம் யோசித்தார். "மொதல்லியே அப்பிடி சொல்றதுக்கு இன்னா? இந்த மாதிரி மாத்திச் சொன்னா எங்க மேஸ்திரி உன்னத் தொரத்தியே வுட்டுடுவாரு."

கை இறங்கியது. நர்ஸம்மா ஒவ்வொரு நூலாக இழுத்தார். ஒரு ஊசியும் குறையவில்லை. கட்டி சுருங்குமா என்பது தெரியப் பல மாதம் ஆகும் என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. இனி பக்கத்தில் போகலாம் என்றார்கள். போய், நைனாவின் காலடியில் தலை சாய்த்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.